ஊறுகாய் சோறாகாது!
பழுப்புக் கடற்பாசி... கைக்கு, பயிருக்கு, வயிற்றுக்கு

திண்டுக்கல் மாவட்டத்துக்கும் கடலுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி நாலைந்து மணி நேரம் போக வேண்டும். ஆனாலும், எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில், வாரத்துக்கு இரண்டாவது கடற்பாசியைப் பற்றியதாக இருக்கிறது.

முன்பெல்லாம் ஒரே கேள்விதான் வரும். ''சார், கடற்பாசி டானிக் அடிக்கலாமா?'' இப்போது கேள்விகள் பெருகிவிட்டன. ''பாசிக் கிரீம் தடவுனா கையில இருக்கிற கறுப்பு போயிருமாமே சார்?'' என்று பூப்பறிக்கும் பெண்கள் கேட்கிறார்கள். ''பழுப்புப் பாசிப் பொடிய மோர்ல கலந்து குடிச்சா உடம்பு எளைக்குமாமே?'' என்று மகளிர் குழுக் கூட்டத்தில் கேட்கிறார்கள். டானிக், கிரீம், பொடி மூன்றையும் ஒரே ஆளே பையில் வைத்துக்கொண்டு விற்பதையும் பார்த்திருக்கிறேன்.

நான் வேளாண்மை படித்தவன். தோல் மருத்துவர் இல்லை. ஆனால், இந்தச் செடி எங்கிருந்து வருகிறது, அதற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் எங்கள் துறையோடு சேர்ந்த விஷயம். அதனால் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எது பழுப்புப் பாசி?

கடற்பாசி என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது ரம்ஜான் மாதத்தில் பால், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சித் துண்டு போடும் கடல்பாசிதான். அது அகர். சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவையில் கட்டி, 45 நாள்களில் அறுவடை செய்கிறார்களே, கப்பாபைகஸ், அதுவும் சிவப்புப் பாசி வகைதான்.

பழுப்புப் பாசி வேறு. மன்னார் வளைகுடாவில் இரண்டு வகைகள் முக்கியமானவை. ஒன்று, கட்டக்கோரை. அறிவியலில் சர்காஸம் என்பார்கள். சின்னச் சின்னக் காற்றுப் பைகளோடு கொத்துக்கொத்தாக வளரும். இன்னொன்று, பக்கோடா பாசி. டர்பினேரியா என்பது அதன் அறிவியல் பெயர். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த பக்கோடா மாதிரியே முறுக்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் பெரும்பாலும் கடலில் தானாக வளர்ந்தவை. பெண்கள் முங்கிப் பறித்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள்.

மண்டபத்தில் பார்த்த கைகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, அட்மா திட்டக் கண்டுணர் சுற்றுலாவில் எங்கள் வட்டார விவசாயிகளை மண்டபத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. தலைமையகம் குஜராத்தின் பாவ்நகரில். நம் நாட்டில் கடற்பாசி பற்றிய ஆராய்ச்சியில் முக்கியமான இடம் அது.

திரும்பும் வழியில் கடற்கரையில் கட்டக்கோரையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தோம். எங்களோடு வந்த பெண்கள் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நம்ம ஊரில் நிலக்கடலை காயப்போட்ட களத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத்தான் பேச்சு போனது. அந்தப் பெண்கள் விடியும் முன்பே படகில் கிளம்பித் தீவுப் பக்கம் போவார்களாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பாசியைக் கையாலேயே பறிப்பார்களாம். பாறையும் சிப்பியும் விரலைக் கிழிக்கும் என்பதால், துணிக் கிழிசலை ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வார்களாம். சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டிய ஒரு பெண்ணின் விரல்களில் பழைய தழும்பும் புதுக் கீறலுமாக இருந்தன. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் கேட்டார்: ''இந்தப் பாசியிலதான் மூஞ்சிக்குப் போடுற கிரீமெல்லாம் செய்றாகளாமே, நீங்க அதைப் போடுறதில்லையாக்கா?''

அந்தப் பெண் சிரித்துவிட்டார். ''எங்களுக்குத் தேங்கா எண்ணெய்தான் தாயி.''

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடல் பகுதியையும் 1986-ம் ஆண்டில் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறையைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால், காலங்காலமாக அங்கே பாசி எடுத்த குடும்பங்களுக்கு அதனால் கட்டுப்பாடுகள் வந்தன. பாசி எடுக்கும் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, மீன் இனப்பெருக்கக் காலத்தில் பறிப்பதை நிறுத்துவது, மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள் மட்டும் போவது, இரும்புக் கருவியால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தாங்களே ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, அமெரிக்காவில் இருக்கும் ஸீகாலஜி அமைப்பு 2015-ம் ஆண்டு விருது கொடுத்தது. வேரோடு பிடுங்காமல் மறுதாம்புக்கு விட்டு அறுக்கும் விவசாயிக்கு, அவர்கள் செய்வது என்னவென்று உடனே புரியும்.

பாசிக்குள் இருக்கும் பசை

நிலத்தில் நிற்கும் செடிக்குத் தண்டு விறைப்பாக இருக்க வேண்டும். கடலில் அப்படி இருந்தால் முதல் அலையிலேயே முறிந்துவிடும். அலையோடு வளைந்து கொடுக்கவும், தண்ணீர் வற்றும் நேரத்தில் வெயிலில் காய்ந்துவிடாமல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் பழுப்புப் பாசிக்கு ஒரு பசை உதவுகிறது. அதன் பெயர் ஆல்ஜினேட். ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1881-ம் ஆண்டில் இதைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை வாங்கினார்.

நமக்குத் தெரியாமலேயே இந்தப் பசை நம் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. ஐஸ்கிரீமில் பனிக்கட்டி பொரிபொரியாகக் கட்டாமல் இருக்கவும், சில பற்பசைகள் பிதுக்கும்போது ஓடாமல் நிற்கவும் இதைச் சேர்க்கிறார்கள். பருத்தித் துணியில் பூப்போட்டு அச்சடிக்கும்போது சாயம் பரவாமல் இருக்க, சாயத்தைக் கெட்டியாக்குவதும் இதுதான். பல் கட்டுவதற்கு டாக்டர் வாயில் ஒரு மாவை வைத்து அச்செடுப்பாரே, அது ஆல்ஜினேட் மாவு. தண்ணீரில் கலந்ததும் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சில நிமிடங்களில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். அழகு நிலையத்தில் முகத்தில் பூசி உரித்தெடுக்கும் பூச்சிலும் இதே வேலைதான் நடக்கிறது. நீர் வடியும் புண்ணுக்கு வைக்கும் ஆல்ஜினேட் கட்டு, அந்த நீரை உறிஞ்சிக்கொண்டு வழுவழுப்பாகிவிடும். பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டிக்கொண்டு வராது. நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் சில மருந்துகளிலும் இந்தப் பசை உண்டு. இரைப்பையில் அமிலத்தின் மேல் மிதந்து நின்று, அது மேலே ஏறாமல் தடுக்கும்.

இத்தனை இடத்திலும் அது செய்கிற வேலையைக் கவனியுங்கள். நீரைப் பிடிக்கிறது, கெட்டியாக்குகிறது, மெல்லிய படலமாக மூடுகிறது. தோலிலும் அதே வேலைதான். காய்ந்த தோல்மேல் ஒரு படலம் போட்டு, ஈரம் ஆவியாகாமல் கொஞ்ச நேரம் காக்கும். அதனால் தோல் மிருதுவாக இருக்கும். இது உண்மையான பலன். கறுப்பை வெள்ளையாக்குவது அந்தப் பசையின் வேலை இல்லை.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சம்பவம்

நிலக்கோட்டை வட்டாரத்தில் மல்லிகை போட்டிருக்கும் ஒரு குடும்பம். கணவர் மருந்தடிப்பார். மனைவி விடியற்காலையில் பூப்பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புவார். மொட்டுப்புழு பற்றிக் கேட்க வந்த அந்த அம்மா, பேசி முடித்துவிட்டுத் தயங்கி நின்றார். பிறகு கையை நீட்டினார். விரல் நுனிகளில் தோல் உரிந்து, இடுக்குகளில் வெடித்து, புறங்கை கறுத்துத் தடித்திருந்தது.

''இதுக்குப் பாசிக் கிரீம் போடுறேன் சார். ஒரு டப்பா 900 ரூவா. மூணாவது டப்பா ஓடுது. தடவுனா ராத்திரி நல்லா இருக்கு. விடிஞ்சா பழையபடி எரியுது.''

''மருந்து கலக்குறது யாரும்மா?''

''அவுக ஊத்துவாக, நான்தான் கலக்கி விடுவேன்.''

''குச்சியாலயா, கையாலயா?''

அவர் பதில் சொல்லவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

மேற்கொண்டு விசாரித்ததில் முழுதும் தெரிந்தது. சாயங்காலம் மருந்தடிக்கிறார்கள். விடியற்காலையில் அதே செடியில், பனி ஈரத்தோடு வெறுங்கையால் பூப்பறிக்கிறார். தினமும் கை மருந்தில் நனைகிறது. கிரீம் இரவில் ஈரத்தைக் காத்து ஆற்றுப்படுத்துகிறது. காலையில் புண் மறுபடியும் புதிதாகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். அந்த 2,700 ரூபாய், அவர் பூக்காசில் மிச்சம்பிடித்து, சிறுவாட்டில் சேர்த்த பணம்.

அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். அடிக்கும் மருந்து டப்பாக்களின் பெயர்களை எழுதி எடுத்துப் போகச் சொன்னேன். டாக்டர் அதை ஒவ்வாமைப் புண் என்று சொல்லி மருந்து கொடுத்தார். அதோடு, மருந்து கையில் படுவதை நிறுத்தாவிட்டால் எந்தக் களிம்பாலும் பயனில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

வயலில் செய்த மாற்றங்கள் சின்னவை. மருந்து கலக்க நீளமான குச்சி. கலக்கும்போது கெட்டியான ரப்பர் கையுறை. பூப்பறிக்கக் கையளவுக்குச் சரியான மெல்லிய நைட்ரைல் கையுறை. தொளதொள கையுறை போட்டால் மொட்டு பிடிபடாது. துணிக் கையுறை பனியையும் மருந்தையும் சேர்த்து உறிஞ்சிக் கையிலேயே வைத்திருக்கும் என்பதால் அது வேண்டாம். பூச்சி குறைவாக இருக்கும் நாள்களில் ரசாயன மருந்துக்குப் பதிலாக 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல். வயல் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது புண் ஆறியிருந்தது. கறுப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை. ''சோறு பெசஞ்சு திங்க முடியுது சார், அது போதும்'' என்றார்.

பயிருக்கும் இதே கணக்குதான்

கடலோரத் தென்னந்தோப்புகளில், கரை ஒதுங்கிய பாசியை அள்ளி உரமாகப் போடுவது பழைய வழக்கம். இன்று நமக்கு வருவது அதன் சாறு. அதில் இயற்கையான வளர்ச்சி ஊக்கிகள், சாம்பல் சத்து, நுண்ணூட்டங்கள் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நாற்று நட்டு வேர் பிடிக்கும் சமயம், பூவெடுக்கும் முன்பு, வறட்சியில் பயிர் வாடும் நேரம் ஆகிய தருணங்களில் இலைவழி கொடுத்தால் பயிர் தாக்குப்பிடிக்கிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தக்காளி விவசாயி, 'இதை அடித்தால் வேறு உரமே வேண்டாம்' என்று விற்க வந்தவர் சொன்னதை நம்பி, மேலுரத்தை நிறுத்திவிட்டார். காய் பிடித்த நேரத்தில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகியது. சாம்பல் சத்துப் பற்றாக்குறை. காயும் சிறுத்துப்போனது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லி வீதம், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் அடித்தால் செலவாகும் சாறு 600 மில்லி. அதில் பத்தில் ஒரு பங்கு சாம்பல் சத்து என்றே வைத்துக்கொண்டாலும் 60 கிராம்தான். 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் இருப்பது 30 கிலோ. 500 மடங்கு வித்தியாசம். சட்டமும் இதை உரமாகப் பார்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோது, கடற்பாசிச் சாற்றை 'பயோ ஸ்டிமுலன்ட்' என்ற தனிப்பிரிவில்தான் சேர்த்தார்கள். ஊக்கி என்று அர்த்தம். தொழு உரமும் அடியுரமும் சோறு என்றால், இது ஊறுகாய். ஊறுகாய் இருந்தால் சோறு கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஊறுகாயையே வயிறாரச் சாப்பிட முடியாது.

வாங்குகிறவர்கள் முதல் முறை வயல் முழுக்க அடிக்க வேண்டாம். நான்கு வரிசைக்குச் சாறு, பக்கத்து நான்கு வரிசைக்கு வெறும் தண்ணீர். மற்ற உரம், பாசனம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கட்டும். வித்தியாசத்தை உங்கள் வயலே சொல்லிவிடும்.

பொடியைக் குடிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சுற்றி வளைப்பதில்லை. டாக்டர் சொல்லாமல் குடிக்காதீர்கள்.

பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து அயோடினை இழுத்துச் சேர்த்து வைப்பவை. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அதன்படி 10 கிராம் உப்பிலேயே அன்றைய தேவை கிடைத்துவிடும். சில வகைப் பழுப்புப் பாசிகளில், ஒரு கிராம் பொடியிலேயே இதைப்போலப் பல மடங்கு இருக்கும். அளவு மிஞ்சினால் தைராய்டு சுரப்பி தடுமாறும். ஏற்கெனவே தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் இதில் விளையாடவே கூடாது.

இன்னொன்று, இந்தப் பாசிகள் கடலில் கலந்திருக்கும் ஆர்சனிக் போன்ற நஞ்சையும் சேர்த்தே இழுக்கும். நம் கட்டக்கோரையின் உறவுக்காரப் பாசியான ஹிஜிகியை ஜப்பானில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆர்சனிக் அதிகம் என்பதால் அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2004-ம் ஆண்டிலேயே மக்களுக்குச் சொல்லிவிட்டது. எந்தக் கடலில் எடுத்தது, எங்கே சோதித்தது என்ற விவரம் இல்லாத பொட்டலத்தை 'இயற்கைதானே' என்று நம்பி மோரில் கலக்கக் கூடாது. எட்டிக்காயும் இயற்கைதான்.

கிரீம் வாங்கும் முன்பு...

வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கை காலுக்கு நல்லதாக ஒன்று வாங்க நம் பெண்களுக்கு முழு உரிமை உண்டு. கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பூச்சிமருந்து டப்பாவில் பார்ப்பதுபோலவே கிரீம் டப்பாவிலும் தயாரிப்பு உரிம எண், தொகுப்பு எண், காலாவதித் தேதி, தயாரித்தவர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ள பொருளை முதலில் எழுத வேண்டும். பாசியின் பெயர் கடைசி வரிசையில் இருந்தால், டப்பாவின் மேலே படமாக இருக்கும் பாசி உள்ளே துளிதான் இருக்கிறது என்று அர்த்தம்.

'ஏழே நாளில் வெள்ளை' என்று விற்கும் கிரீமைத் தொடாதீர்கள். 2023-ம் ஆண்டில் கேரள மாநிலம், மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. காரணமாக மருத்துவர்கள் சொன்னது, அதில் கலந்திருந்த பாதரசம்.

எது வாங்கினாலும் முழங்கை மடிப்பில் துளி தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தால், சிவந்தால் விட்டுவிடுங்கள். வெடித்த புண்மேல் எதையும் நேராகப் பூசாதீர்கள்.

வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வாழ்நாளெல்லாம் களையெடுத்தவர் என் அம்மா. கை வெடிப்புக்கு அவர் வைத்திருந்தது ஒரு சின்னக் கிண்ணத்தில் விளக்கெண்ணெய் மட்டும்தான். ராத்திரி கையைக் கழுவித் துடைத்த ஈரத்தோடு தேய்த்துக்கொண்டு படுப்பார். ஈரத்தின் மேல் ஒரு படலம். 900 ரூபாய் டப்பாவில் பாசிப்பசை செய்கிற வேலையும் அதுதான். அம்மா காலத்தில் களைக்கொல்லியும் மொட்டுப்புழு மருந்தும் அவர் கையில் படவில்லை. இன்று அவை தினமும் படுகின்றன. ஆகவே, முதல் செலவைக் கையுறைக்குச் செய்யுங்கள். மிச்சமிருந்தால் கிரீம் வாங்குங்கள்.

கையில் புண், மருந்தடித்த பிறகு அரிப்பு, கண் எரிச்சல் என்று ஏதாவது இருந்தால், அடித்த மருந்தின் டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்தை எப்போது, எவ்வளவு அடிப்பது, எதை விட்டுவிடலாம் என்ற சந்தேகத்துக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். பெண்களும் வந்து கேளுங்கள். வீட்டில் மருந்து கலக்குவது பெரும்பாலும் நீங்கள்தான்.